விரைவும் கூலியும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கிணற்றுநீர் இறைத்து, எருவிட்டு, இரவு பகலாக உழைத்து விளைவிக்கும் வெங்காயமும் முந்திரிகைப்பழமும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் நாடறிந்தவை. ஆயின், அவை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புச் சந்தையை அடையும்போது அவ்வுழைப்பின் பயன் எவ்வளவு எஞ்சுகின்றது? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

பொருளைக் கொண்டுசேர்க்கும் தொழிலில் இரு நோக்கங்கள் என்றும் முரணி நிற்பன. குறித்த நாளிற் சேதமின்றிச் சேர்த்தல் ஒன்று. கூலியைக் குறைத்தல் மற்றொன்று. லொறி நிறையும்வரை காத்திருப்பின் மூட்டைக்குரிய கூலி குறையும். ஆனால் காத்திருக்கும் பொழுதிலேயே பழம் அழுகும். அரைப் பாரத்துடன் புறப்படின் பழம் பிழைக்கும். கூலியோ இலாபத்தை விழுங்கும். லொறி வெறுமையாகத் திரும்பின், அச்செலவும் கமக்காரன் தலையிலேயே விழும்.

மலிவான கூலியே நலம் என்பார் சிலர். எமக்கு அஃது உடன்பாடன்று. அழுகிய பழத்தின் விலையும் கூலியோடு கூட்டப்பட வேண்டிய செலவேயாம். இனி, அனைத்தையும் விரைந்தே அனுப்புக என்போரும் தவறுவர். உலர்ந்த வெங்காயமும் பனங்கட்டியும் இரண்டு நாட் தாமதத்தாற் கெடுவனவல்ல. அவற்றுக்கு விரைவுக் கூலி கொடுப்பது வீண். ஆதலின், பொருளின் தன்மை நோக்கி வகுத்தலே முறை. பழங்கள் இரவோடிரவாகச் செல்லட்டும். ஏனையவை நிறைபாரமாக ஆறுதலாகச் செல்லட்டும்.

ஒரு வழியையே நம்பியிருத்தலும் சிக்கனமன்று. 1905 இற் காங்கேசன்துறைவரை அமைந்த புகையிரதப் பாதையிற் சேவை 1990 இல் நின்றது. 2014 இலேயே வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அதற்கிடையில், 2006 இல் ஏ-9 வீதியும் மூடப்பட்டபோது எம்மவர் உற்ற துயரை யார் மறப்பர்?

சிறு கமக்காரன் தனித்து ஒரு லொறியை நிரப்ப இயலாது. பத்து ஊரார் கூடின் இயலும். கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் கிழமையிற் குறித்த நாட்களிற் பாரத்தைத் திரட்டி அனுப்புமாயின் கூலியுங் குறையும், நாளுந் தவறாது. திரும்பும் வண்டிக்குரிய சரக்கையும் முன்னரே பேசிவைத்தல் கூடும். இதற்கு வேண்டுவது பெருமுதலன்று. செம்மையான கணக்கும் வாக்குத் தவறாமையுமே.

அக்கணக்கை எமது கல்லூரி கற்பித்தது. வணிகத்திலும் கணக்கியலிலும் சிறந்து விளங்கும் பழைய மாணவர் தம் ஊர்ச் சங்கத்துக்கு மாதம் ஒரு மாலைப்பொழுதை ஈவாராயின், கல்லூரித் தாய்க்கு அதனினும் சிறந்த விழாக் காணிக்கை வேறில்லை என்பது எமது துணிபு.