காளான் இறங்கின பிறகு...

கொடைக்கானல் மேஜிக் மஷ்ரூம் செய்தி எல்லாம் கைதோடு முடிந்துவிடுகிறது. சாப்பிட்டவன் கதை? விருதுநகர் திரும்பியும், அங்கே கண்டதை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடப்பவன் யாரிடம் சொல்வான்? வீட்டில் அடி விழும், இல்லாவிட்டால் மந்திரிப்பார்கள். டாக்டரிடம் சொல்ல போலீஸ் பயம்.

காளானிலுள்ள சைலோசைபின் 1985 போதைப்பொருள் சட்டத்தில் தடைசெய்யப்பட்டதுதான். ஆனால் 2017 மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கவும் சொல்கிறதே! வெளிநாடுகளில் 'இன்டக்ரேஷன்' என்று இதற்கே தனி கவுன்சலிங்: கண்டது என்ன, அதை வாழ்க்கையில் எங்கே வைப்பது என்று உட்கார்ந்து பேசுவது. இங்கே அது வரும்வரை, 2022-ல் தொடங்கிய டெலி மனஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சிவகாசியில் பட்டாசில் கை சுட்டவனிடம் 'ஏன் கொளுத்தினாய்' என்று விசாரித்து முடித்தா மருந்து போடுகிறார்கள்?