ஹெவி லைசென்ஸ்: செலவு யார் தலையில்?

நடுராத்திரி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி அரியலூர்ச் சாலையில் போய்க்கொண்டிருக்கிறது. டிரைவருக்குக் கண் சொக்குகிறது. "தம்பி, கொஞ்ச நேரம் பிடி" என்கிறார். கிளீனர் பையன் ஸ்டியரிங்கில் உட்காருகிறான்.

நம் பிள்ளைகள் வெகுகாலமாக லாரி ஓட்டக் கற்றது இப்படித்தான். மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலை ஓய்ந்தால் பெரம்பலூர்க் கிராமத்துப் பையன் என்ன செய்வான்? லாரியில் கிளீனராக ஏறுகிறான். வண்டி கழுவி, டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, நாலு வருஷத்தில் ஓட்டவும் கற்றுவிடுகிறான். கையில் தொழில் இருக்கிறது. சட்டைப் பையில் லைசென்ஸ் இல்லை. விபத்து நேர்ந்தால், தொழில் தெரியும் என்று சொல்லிக் கோர்ட்டில் தப்ப முடியுமா?

சட்டம் சொல்வதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரி கனரக லாரி. அதை ஓட்ட 20 வயது நிரம்ப வேண்டும். இலகு ரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு கழிந்த பிறகுதான் கனரகத்துக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலின் பயிற்சிச் சர்டிபிகேட் வேண்டும். கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றும் முன்பு ஒரு விதி இருந்தது. 2019ல் மத்திய சர்க்கார் அதை நீக்கியது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வயலுக்குப் போன பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தது. ஆனால் பணக் கதவு இன்னும் மூடியே கிடக்கிறது. ஸ்கூல் கட்டணத்துக்கும், பயிற்சி நாட்களில் இழக்கும் கூலிக்கும் விவசாயத் தொழிலாளி எங்கே போவான்? வட்டிக்கடைக்குத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இதைக் காட்டி, "சின்ன லைசென்ஸே போதும், ஏறு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் தீர்ப்பு சின்ன வண்டிக்கு, டிப்பருக்கு அல்ல. லைசென்ஸ் இல்லாதவனை ஓட்டவிடும் சொந்தக்காரரும் சட்டப்படி குற்றவாளிதான். அவருக்கும் ஜெயிலோ அபராதமோ உண்டு.

அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. பயிற்சி கட்டாயம் வேண்டும். கார் ஓட்டுவது வேறு, கல் ஏற்றிய லாரி ஓட்டுவது வேறு. காற்று பிரேக்கில் காற்றழுத்தம் குறைந்தால் என்ன ஆகும், பாரத்தோடு சரிவில் இறங்கும்போது எந்த கியரில் இறங்க வேண்டும், இடதுபக்கம் கண்ணாடியில் தெரியாத இடத்தில் சைக்கிள்காரன் வந்தால் என்ன செய்வது, மேடுபள்ளத்தில் தொட்டியைத் தூக்கினால் வண்டி ஏன் கவிழ்கிறது - இவற்றைத் தூக்கக் கலக்கத்தில் நடுராத்திரியில் கற்க முடியாது. சாலையில் நடப்பது நம் பெண்டுபிள்ளைகள்தான்.

கேள்வி ஒன்றே ஒன்று: செலவு யாருடையது?

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதனால் சிமெண்ட் ஆலைகள் வந்தன. ஆலைக்கு லாரி வேண்டும். லாரிக்கு டிரைவர் வேண்டும். டிரைவரை உண்டாக்கும் செலவு மட்டும் கூலிக்காரன் தலையில்! இது என்ன நியாயம்?

இதற்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2015ல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்கம் உள்ள மாவட்டங்களுக்கு மாவட்ட கனிம அறக்கட்டளை என்ற நிதி ஏற்பட்டது. 2015 ஜனவரி 12க்கு முன் குத்தகை பெற்ற சுரங்கக்காரர்கள் ராயல்டியில் 30 சதவீதமும், பிறகு ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதமும் கூடுதலாக அதில் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்குச் செலவிட வேண்டிய பணம் அது. தொழிற்பயிற்சி அதன் முக்கிய இனங்களில் ஒன்று. கனரக வாகனப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பணம் எது?

பொறுப்பைப் பற்றி அரியலூருக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1956 நவம்பர் 23ல் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். விபத்துக்கு மேலே இருப்பவனும் பதில் சொல்ல வேண்டும் என்று நாடு அன்று கண்டது. இன்றைய லாரி விபத்தில் கைவிலங்கு யாருக்கு? டிரைவருக்கு மட்டும். அதிக பாரம் ஏற்றியவன், தூங்கவிடாமல் நடைக்கு நடை விரட்டியவன், லைசென்ஸ் இல்லாதவனை ஏற்றிவிட்டவன் எல்லாம் வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

1. கனிம நிதியிலிருந்து இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் இலவசக் கனரகப் பயிற்சி. பயிற்சி நாட்களுக்கு உதவித்தொகை.

2. வண்டியில் பல வருஷம் உழைத்த கிளீனர்களுக்கு முதலிடம்.

3. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் முன்பு வகுத்திருந்த அளவு ஏட்டில் அல்ல, சாலையில் நடப்புக்கு வர வேண்டும். எட்டு மணி வேலை என்றால் "தம்பி, கொஞ்ச நேரம் பிடி" என்ற பேச்சுக்கே இடமில்லை.

லைசென்ஸ் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொடாதே என்று வீட்டுப் பிள்ளையிடம் இன்றே சொல்லுங்கள். லைசென்ஸுக்கு வழி செய் என்று கலெக்டர் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம். முதலாவது நம் கடமை. இரண்டாவது நம் உரிமை.