ஆடியில் போட்ட அட்டவணை ஆவணியில் கைகொடுக்கும்!

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். சமையல் மாஸ்டர் அடுப்பைப் பற்றவைக்கத் தயாராக நிற்கிறார். சாம்பார் வைக்க வேண்டிய பெரிய அண்டா மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. போன் போட்டுக் கேட்டால், "அது முந்தாநாள் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போச்சுங்க, இன்னும் திரும்பி வரல" என்கிறது வாடகைப் பாத்திரக் கடை. அண்டா போன விஷயம் நோட்டில் இருக்கிறது. கல்யாண வீட்டு புக்கிங்கும் அதே நோட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று ஒரு பக்கத்தில், மற்றது வேறொரு பக்கத்தில். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சிறு தொழில்கள் பலவற்றின் கதை இதுதான். யார் எவ்வளவு பாக்கி, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, அடுத்த வாரத்துக்கு என்ன தேவை என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள் இருக்கும். அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் ஓடும். நாலு நாள் அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், மனைவியோ மகனோ நோட்டைப் புரட்டுவார்கள். "முருகேசன் – 150 – அட்வான்ஸ் வந்தாச்சு" என்று ஒரு வரி இருக்கும். எந்த முருகேசன்? 150 என்பது நாற்காலியா, சாப்பாட்டுத் தட்டா? அட்வான்ஸ் எவ்வளவு? பதில் தெரிந்தவர் ஐ.சி.யூ.வில் இருப்பார்.

ஒருவர் தலைக்குள் இருக்கும் இந்த ஞாபகத்தை, கடையில் இருக்கும் எல்லோரும் கேட்டுப் பதில் வாங்கக்கூடிய இடத்துக்கு மாற்றுவதுதான் டேட்டாபேஸ். தமிழில் தரவுத்தளம்.

உங்கள் போனிலேயே இருக்கிறது

'அதெல்லாம் பெரிய கம்பெனி சமாசாரம்' என்று ஒதுங்க வேண்டாம். இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனுக்குள்ளேயே டேட்டாபேஸ்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் பழைய மெசேஜ் ஒன்றைத் தேடினால் நொடியில் வந்து நிற்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது எஸ்.க்யூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸ். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ம் ஆண்டில் வெளியிட்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இது உண்டு.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான யோசனை 1970-ல் வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த எட்கர் காட், ஓர் ஆய்வுக் கட்டுரையில் அதைச் சொன்னார். எவ்வளவு பெரிய தகவல் குவியலாக இருந்தாலும் அதை எளிய அட்டவணைகளாகப் பிரித்து வைக்கலாம். ஓர் அட்டவணையை இன்னொன்றோடு பொதுவான ஓர் எண்ணால் இணைக்கலாம் என்பதே அதன் சாரம். 1981-ல் அவருக்கு, கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது கிடைத்தது. அந்த யோசனையைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர்கூட வேண்டாம், ஒரு லாங் சைஸ் நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் கேள்விகள்

பலர் செய்யும் தப்பு, எடுத்ததுமே எக்செல்லைத் திறந்து கட்டம் கட்ட ஆரம்பிப்பது. அதற்கு முன்னால், கடையில் தினமும் எழும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். வாடகைப் பாத்திரக் கடையென்றால் அவை பெரும்பாலும் இப்படி இருக்கும்:

• வருகிற 5-ம் தேதிக்கு எத்தனை நாற்காலி மிச்சம் இருக்கும்?
• திருப்ப வேண்டிய நாள் தாண்டியும் வராத சாமான் எது, யாரிடம் இருக்கிறது?
• இந்தப் பார்ட்டி இன்னும் எவ்வளவு தர வேண்டும்?
• எந்தப் பொருள் அடிக்கடி வாடகைக்குப் போகிறது, எது சும்மா கிடக்கிறது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உதவாத எந்தத் தகவலையும் சேர்க்க வேண்டாம். பதில் சொல்லத் தேவையான எந்தத் தகவலையும் விட வேண்டாம். திட்டமிடுதல் என்பதில் பாதி வேலை இத்துடன் முடிந்தது.

ஐந்து அட்டவணைகள்

இனி, தகவல்களை இனம் பிரிக்க வேண்டும். ஓர் அட்டவணை, ஒரே ஒரு வகை விஷயத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும். நம் கடைக்கு ஐந்து போதும்.

1. வாடிக்கையாளர்: வாடிக்கையாளர் எண், பெயர், செல் நம்பர், ஊர்.

2. பொருள்: பொருள் எண், பெயர், மொத்தம் எத்தனை, ஒரு நாள் வாடகை, தொலைந்தால் பிடிக்கும் தொகை.

3. புக்கிங்: புக்கிங் எண், வாடிக்கையாளர் எண், எடுக்கும் நாள், திருப்பும் நாள், விசேஷம் நடக்கும் இடம்.

4. புக்கிங் விவரம்: புக்கிங் எண், பொருள் எண், போனது எத்தனை, திரும்பியது எத்தனை, பேசிய வாடகை.

5. பணம்: புக்கிங் எண், தேதி, தொகை, ரொக்கமா ஜிபேயா.

எல்லாவற்றிலும் எண் எதற்கு? ஊரில் இரண்டு முருகேசன் இருக்கலாம். ஒரே முருகேசனை ஒரு நாள் 'முருகேசன்' என்றும் மறுநாள் 'முருகேஷ்' என்றும் எழுதலாம். செல் நம்பரையே அடையாளமாக வைக்கலாமே என்றால், நம்பரை மாற்றுகிறவர்கள் உண்டு. ஒரே நம்பரை வீட்டில் மூன்று பேர் சொல்வதும் உண்டு. கடையே கொடுக்கும் எண் மாறாது, இரண்டு பேருக்குப் போகாது. அதனால்தான் பேங்கில் கணக்கு எண், ஸ்கூலில் ரோல் நம்பர்.

நான்காவது அட்டவணைதான் பலருக்குக் குழப்பும். புக்கிங் அட்டவணையிலேயே 'பொருள் 1, பொருள் 2, பொருள் 3' என்று கட்டம் போட்டுவிட்டால் என்ன? காது குத்துக்கு மூன்று பொருள் போதும். கல்யாணத்துக்கு ஜமுக்காளம், அண்டா, கரண்டி, வாளி, பந்தி மேசை என்று முப்பது வரும். எத்தனை கட்டம் போடுவது? போட்டாலும், 'நாற்காலி மொத்தம் எத்தனை போயிருக்கிறது' என்று பார்க்க முப்பது கட்டங்களிலும் தேட வேண்டும். தனி அட்டவணையில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று எழுதினால், மூன்று பொருளுக்கு மூன்று வரி, முப்பதுக்கு முப்பது வரி. கட்டங்கள் மாறவே மாறாது.

ஒரு தகவல், ஒரே இடம்

டேட்டாபேஸின் பொன்விதி இதுதான். வாடிக்கையாளரின் செல் நம்பரை ஒவ்வொரு புக்கிங்கிலும் திரும்பத் திரும்ப எழுதினால், அவர் நம்பர் மாற்றும்போது பத்து இடத்தில் திருத்த வேண்டும். ஒன்பதில் திருத்தி ஒன்றை விட்டால், அந்த ஒன்றுதான் அவசர நேரத்தில் கண்ணில் படும். வாடிக்கையாளர் அட்டவணையில் மட்டும் இருந்தால் ஒரே திருத்தம், வேலை முடிந்தது.

அப்படியானால் பொருள் அட்டவணையில் வாடகை இருக்கும்போது, புக்கிங் விவரத்தில் 'பேசிய வாடகை' என்று இன்னொரு தடவை ஏன்? நல்ல கேள்வி. இவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் வெவ்வேறு தகவல்கள். நாற்காலி வாடகை இன்று 8 ரூபாய், தை மாதத்தில் 10 ரூபாய் ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, கடையின் இன்றைய ரேட். இரண்டாவது, அந்தப் பார்ட்டியிடம் கொடுத்த வாக்கு. ரேட் மாறலாம், கொடுத்த வாக்கு மாறக் கூடாது. தனியாக எழுதி வைக்காவிட்டால், ரேட்டை ஏற்றிய அன்று பழைய பில்கள் எல்லாம் தானாக ஏறிவிடும்; வீண் சண்டை வரும்.

இன்னொன்று. கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடிவதை எழுதி வைக்காதீர்கள். பாக்கி என்பது வாடகையிலிருந்து வந்த பணத்தைக் கழித்தால் கிடைப்பது. அதற்குத் தனிக் கட்டம் போட்டுக் கையால் எழுதினால், பணம் வந்த ஒரு நாள் அதைத் திருத்த மறப்போம். 'மிச்ச நாற்காலி'யும் அப்படித்தான்.

330 நாற்காலி எங்கிருந்து வரும்?

கடையில் 300 நாற்காலி இருக்கிறது. ஒரு பார்ட்டி 180 நாற்காலியை 3-ம் தேதி எடுத்து 5-ம் தேதி ராத்திரி திருப்புகிறது. இன்னொரு பார்ட்டிக்கு 5-ம் தேதி காலையிலேயே 150 வேண்டும். நோட்டில் முதல் புக்கிங் 3-ம் தேதிப் பக்கத்தில் இருக்கும். 5-ம் தேதிப் பக்கத்தைத் திறந்தால் 150 மட்டும்தான் தெரியும். 'இன்னும் 150 இருக்கே' என்று மூன்றாவது பார்ட்டிக்கும் தலையாட்டத் தோன்றும். உண்மையில் அன்றைக்கு ஏற்கெனவே 330 நாற்காலிக்கு வாக்கு கொடுத்தாகிவிட்டது, 30 குறைகிறது.

அட்டவணையிடம் கேட்கும் முறை வேறு. 'எடுக்கும் நாள் 5-ம் தேதியோ அதற்கு முன்போ இருக்க வேண்டும்; திருப்பும் நாள் 5-ம் தேதியோ அதற்குப் பின்போ இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்தும் புக்கிங்குகளில் உள்ள நாற்காலிகளைக் கூட்டு.' இப்படிக் கேட்டால் இரண்டு புக்கிங்கும் அகப்படும். இரண்டு மூன்று நாள் வாடகை என்றால் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கூடவே தினமும் காலையில் ஒரு கேள்வி: திருப்பும் நாள் தாண்டியும், 'போனது' அளவுக்குத் 'திரும்பியது' வராத வரிகள் எவை? அண்டா தகராறு வருவதற்கு முன்பே இதில் தெரிந்துவிடும்.

எழுதும் கையில் ஒழுங்கு

ஒருவர் 'சேர்' என்று எழுதுவார், ஒருவர் 'நாற்காலி' என்பார், மூன்றாமவர் 'பிளாஸ்டிக் சேர்' என்பார். மனிதருக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு மூன்று பொருள். எனவே பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள்.

5/6 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? ஷீட்டின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றி, தேதியை எல்லோரும் ஒரே மாதிரி எழுதப் பழகுங்கள். போன் நம்பர் கட்டத்தை 'எழுத்து' வகையாக வையுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் வரும் பூஜ்யம் காணாமல் போகும்.

உடைந்த பொருளின் வரியை அழித்துவிடாதீர்கள். பழைய பில்கள் அந்தப் பொருள் எண்ணை நம்பி நிற்கின்றன. 'பயன்பாட்டில் இல்லை' என்று குறித்து வைத்தால் போதும்.

எதில் செய்வது?

ஆரம்பத்துக்கு கூகுள் ஷீட்ஸே போதும். ஐந்து அட்டவணைக்கு ஐந்து ஷீட். ஓர் எண்ணை வைத்து வேறு ஷீட்டிலிருந்து தகவலை எடுத்துவர 'எக்ஸ்லுக்கப்', நிபந்தனை போட்டுக் கூட்ட 'சம்இஃப்ஸ்' என்ற இரண்டு சூத்திரங்கள் தெரிந்தால் மேலே சொன்ன கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் கிடைக்கும். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஆனால் ஷீட்டுக்கு எல்லை உண்டு. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேரின் விவரம் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டது. லேப்களிலிருந்து வந்த பட்டியலைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை விடுபட்டுப் போயின. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை, நோய் வேகமாகப் பரவிய நேரத்தில் தாமதமானது. ஷீட் 'இடமில்லை' என்று சத்தம் போடவில்லை என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

நிஜமான டேட்டாபேஸ் சத்தம் போடும். இல்லாத வாடிக்கையாளர் எண்ணில் புக்கிங் போட்டால், விதியை முன்பே சொல்லி வைத்திருந்தால், ஏற்க மாட்டேன் என்று மறுக்கும். ஒரு பில்லைப் பாதி எழுதும்போது கரன்ட் போனால், அந்தப் பாதியையும் நீக்கிவிட்டு முன்னிருந்த நிலைக்கே திரும்பும். கடையில் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள், கிளைகள் வந்துவிட்டன, யாரோ சூத்திரத்தை அழித்துவிட்டார்கள் என்ற நிலை வந்தால் மாறிவிடலாம். இலவசமாகவே லிப்ரே ஆபீஸ் பேஸ், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் எல்லாம் கிடைக்கின்றன. ஆள் வைத்துச் செய்தாலும், தாளில் போட்ட ஐந்து அட்டவணையை அவர் கையில் கொடுங்கள். கேட்பது என்னவென்று தெளிவாகத் தெரிந்தவருக்குத் தேவையில்லாததைத் தலையில் கட்ட முடியாது.

பூட்டும் சாவியும்

வாரம் ஒரு முறை முழு ஃபைலையும் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை அந்த நகலைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றையும் திருத்தும் உரிமை வேண்டாம். சாமான் ஏற்றி இறக்கும் தம்பிக்கு 'திரும்பியது எத்தனை' போதும்; பணக் கணக்கு வேண்டாம்.

வாடிக்கையாளரின் ஆதார் நகலை 'இருக்கட்டுமே' என்று வாங்கி வைக்காதீர்கள். தனிநபர் டிஜிட்டல் தகவல்களைப் பாதுகாக்க 2023-ல் சட்டமே வந்துவிட்டது. தேவையில்லாததை வாங்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

தையல் கடை, டியூஷன் சென்டர், மெஸ், பால் ஊற்றுகிறவர் என்று யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான்: கேள்விகளை எழுது, இனம் பிரி, எண் கொடு, ஒரு தகவலை ஒரே இடத்தில் வை. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம், வாடகைப் பாத்திரக் கடைக்கு அண்டாவைக் கவிழ்த்து வைத்து எண்ணிப் பார்க்கத் தோதான நேரம். அந்த எண்ணிக்கையைப் பொருள் அட்டவணையின் முதல் வரியாக எழுதுங்கள். பழைய நோட்டையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். ஆவணி முடியும்வரை இரண்டிலும் எழுதி, வாரக் கடைசியில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நாலு வாரம் ஒத்துப்போனால், நோட்டை அலமாரியில் வைத்துவிடலாம்.