இல்லக் கணக்கு: கூரையில் தொடங்கும் தெளிவு



தீபாவளிக்கு முந்திய வாரங்களில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும், தேர்வாய்க்கண்டிகையிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் உழைப்போரின் கைக்குப் போனஸ் தொகை வந்து சேர்கிறது. ஆண்டு ஊதியத்தில் 8.33 விழுக்காட்டுக்குக் குறையாமல் அது வழங்கப்பட வேண்டுமென்று 1965-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. ஆயினும் அதனைக் கணக்கிட ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆதலால் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை எட்டுவதில்லை. ஓராண்டு உழைப்பின் பயனாகிய அத்தொகை சில இல்லங்களில் மகளின் கல்லூரிக் கட்டணமாகிறது. சில இல்லங்களில் அடகு வைத்த நகையை மீட்கிறது. வேறு சில இல்லங்களில் எச்.டி. செட்டாப் பாக்ஸாகவும் அகன்ற திரையாகவும் மாறிக் கூடத்துச் சுவரில் அமர்கிறது.

மூன்றாவது செலவைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாள் முழுதும் இயந்திரத்தோடு போராடி வீடு திரும்பும் ஒருவர், மனைவி மக்களோடு அமர்ந்து தெளிவான படத்தைக் காண விரும்புவது நியாயமே. ஆனால் பணம் செலவான பின்னும் படம் பழையபடியே மங்கலாக இருந்தால் என் செய்வது? மாதந்தோறும் எச்.டி. கட்டணம் செலுத்திக்கொண்டே பழைய தரத்துப் படத்தைக் காணும் இல்லங்கள் உண்டு. காரணத்தை அறிந்துகொண்டால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

முதலில் சிறிது வரலாறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அந்நாளில் இவ்வட்டாரத்துக் கூரைகளில் அலுமினியக் குழாய் ஆண்டெனாக்கள் சென்னையை நோக்கி நின்றன. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. 2006 முதல் தமிழக அரசு 14 அங்குல வண்ணப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்கள் அவற்றைப் பெற்றன. 2010 அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின்போது தூர்தர்ஷன் எச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியது. 2017-இல் அரசு கேபிள் நிறுவனம் விலையின்றி செட்டாப் பாக்ஸ்களை அளிக்கத் தொடங்கியது; அவை பெரும்பாலும் பழைய தரத்துக்கானவை. ஒரே தெருவில் இத்தனை காலத்துப் பெட்டிகளும் இன்று அருகருகே இயங்குகின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எச்.டி. என்பது யாது? படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. பழைய தரத்தில் ஒரு படத்துக்கு 720-க்கு 576, அதாவது சுமார் 4 இலட்சம் புள்ளிகள். முழு எச்.டி. தரத்தில் 1,920-க்கு 1,080, அதாவது சுமார் 20 இலட்சம் புள்ளிகள். ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்த ஐந்து மடங்கும் நம் கண்ணை வந்தடைய நான்கு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி அறுபடாதிருக்க வேண்டும்.

முதற்கண்ணி, அலைவரிசை. ஒளிபரப்புவோர் எச்.டி. தரத்தில் அனுப்பினால்தான் அது எச்.டி. பழைய தரத்து அலைவரிசையைப் புதிய பெட்டியில் வைத்தால், புள்ளிகள் இழுத்து நிரப்பப்படுமேயன்றிப் புதிய விவரம் ஒன்றும் பிறவாது. இரண்டாவது, செட்டாப் பாக்ஸ். மூன்றாவது, பாக்ஸையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் ஒயர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட மூன்று ஒயர்களில் படம் மஞ்சள் வழியே செல்கிறது. அதில் பழைய தரத்துப் படம் மட்டுமே செல்லும். எச்.டி. படத்துக்கு எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். புதிய பாக்ஸ், புதிய திரை இரண்டும் இருந்தும், பொருத்த வந்தவர் பழைய மஞ்சள் ஒயரையே செருகிச் சென்றுவிட்டால், செலவெல்லாம் அந்த ஓர் ஒயரில் வீணாகிறது. நான்காவது கண்ணி, திரை. 14 அங்குலக் குழாய்ப் பெட்டியில் எச்.டி. காண இயலாது. 32 அங்குலத் திரைகளில் பல 1,366-க்கு 768 புள்ளிகளே கொண்டவை. அவை பழைய தரத்தைவிட மேலானவை, முழு எச்.டி.க்குக் குறைந்தவை. ஆதலால் குழாய்ப் பெட்டி வைத்திருப்போர், திரையை மாற்றும் வரையில் எச்.டி. கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

இனிக் கூரைக்கு வருவோம். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகணை எழும்போது கும்மிடிப்பூண்டி மக்கள் வீதிக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். டி.டி.எச். சேவைக்குரிய இன்சாட்-4சி.ஆர். 2007 செப்டம்பர் 2 அன்று அங்கிருந்தே சென்றது. இன்சாட்-4பி, ஜிசாட்-15 போன்றவை தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ஏவப்பட்டவை. எங்கிருந்து சென்றாலும், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இத்தகைய கோள்கள் நமக்கு அசையாது நிற்பனபோல் தோன்றுகின்றன. ஜிசாட்-15 நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில். நம் வட்டாரத்திலிருந்து அது தென்கிழக்கே, ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் உள்ளது. வேறு நிறுவனத்தின் செயற்கைக்கோள் வேறு திசையில் இருக்கும். ஆகவே நிறுவனத்தை மாற்றினால் டிஷ்ஷையும் திருப்பி அமைக்க நேரலாம். அதற்கான கூலியையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சிறு திருப்பம் எவ்வளவு பெரிய வேலையாகும் என்பதை 2010 காட்டியது. அவ்வாண்டு ஜூலை 7 அன்று இன்சாட்-4பி கோளின் சூரியத் தகட்டு மின்னமைப்பில் கோளாறு ஏற்பட்டு, அதன் ஒளிபரப்புக் கருவிகளில் பாதி நிறுத்தப்பட்டன. அதனை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 பாகையிலுள்ள மீசாட்-3 கோளுக்கு மாறியது. வேறுபாடு 2 பாகைதான். ஆயினும் வீடுவீடாகக் கூரையேறி டிஷ்களைத் திருப்ப வேண்டியதாயிற்று. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் எனப் புயல்களைக் கண்ட மாவட்டம் நம்முடையது. டிஷ்ஷின் காலைச் சுவரில் திடமாக முடுக்குவதும், கடற்காற்றிலும் ஆலைத் தூசியிலும் துருப்பிடிக்கும் இணைப்பு முனைகளுக்கு உறையிடுவதும் அவசியம். கனமழையின்போது படம் சிறிது நேரம் அறுபடுவது இவ்வகை நுண்ணலைகளின் இயல்பு. அதற்காகப் பாக்ஸை மாற்ற வேண்டாம். மழையில்லா நாளிலும் அறுபட்டால் டிஷ்ஷையும் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய ஆண்டெனாவின் நிலை என்ன? தூர்தர்ஷன் தன் பழைய முறை ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் படிப்படியாக நிறுத்தியது. முன்னதாக 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கப்பெற்றது. அதனைப் பெறத் தனி அமைப்புள்ள கருவி வேண்டும். 'டிஷ்ஷுக்கும் உண்டு, ஆண்டெனாவுக்கும் உண்டு' என்று சொல்லி விலையைக் கூட்டும் கருவியை வாங்குமுன், உங்கள் கூரையில் அந்த ஒளிபரப்பு கிடைப்பதைக் கண்முன் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்கலாம்.

போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது; சந்தாத் தொகை பன்னிரண்டு முறை வருகிறது. 2019-இல் நடப்புக்கு வந்த ஒழுங்குமுறை, 100 அலைவரிசைகளுக்கான அடிப்படைக் கட்டணத்துக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. அக்கணக்கில் ஓர் எச்.டி. அலைவரிசை இரண்டாக எண்ணப்பட்டது. 2024-இல் அவ்வுச்சவரம்பு நீக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு நிறுவனத்தின் கட்டணத்தையும் தனித்தனியே கேட்டு, ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்க்க வேண்டும். சந்தாவே இல்லாத வழியும் உண்டு. 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை அது. அதில் டிடி தமிழ் வரும். ஆனால் தமிழ் அலைவரிசைகள் மிகச் சிலவே. வீட்டார் விரும்பிக் காண்பவை அதில் உண்டா என்று பார்த்தே முடிவு செய்க.

'வீட்டார்' என்றதில் அனைவரும் அடங்குவர். 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசி இல்லாத பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. பழவேற்காட்டு மீனவர் இல்லத்தில் புயற்செய்தி கேட்பதும், நடமாட இயலாத பாட்டி ஞாயிறு திருப்பலி காண்பதும் அதே திரையில்தான். திரைப்படத்துக்காகவும் கிரிக்கெட்டுக்காகவும் தொகுப்பை மாற்றும்போது இவர்களுடைய அலைவரிசைகள் நழுவிவிடுகின்றன. புதிய ரிமோட் கைவராமல் முதியவர் பிறர் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலையும் நேர்கிறது. மாற்றுமுன் அவர்களைக் கேளுங்கள். மாற்றியபின் அவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள். இரவுப் பணிக்குச் செல்வோருக்கு, நிகழ்ச்சியைப் பதிவு செய்துவைக்கும் வசதியுள்ள பாக்ஸ் பெரிதும் உதவும்.

திரையே வாங்குவதாயின் ஒரு செய்தி: 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. ரசீதில் அதனைச் சரிபாருங்கள். கழித்த குழாய்ப் பெட்டியை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் உள்ளது. மின்னணுக் கழிவு பெறுவோரிடம் முழுதாக ஒப்படைப்பதே முறை.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் வீட்டார் ஒன்றுகூடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நம் திரை எத்தனை புள்ளிகள் கொண்டது? எச்.டி.எம்.ஐ. துளை அதில் உண்டா? நாம் காண்பவற்றுள் எச்.டி.யில் வருவன எத்தனை? ஓராண்டுச் சந்தா எவ்வளவு? பொருத்துக் கூலி யார் பொறுப்பு? பொருத்துபவர் புறப்படுமுன் எச்.டி. அலைவரிசை ஒன்றையும், அதன் பழைய தரத்து இணையையும் மாறிமாறி வைத்துக்காட்டச் சொல்லுங்கள். வேறுபாடு உங்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.