இனாமும் பாத்தியதையும்

மெக்ஸிகோ தேசத்தில் நவம்பர் 12-ந் தேதி தபால்காரர் தினம். அந்த நாளை ஒட்டி அவ்வூர்த் தபால்காரர் கடிதங்களோடு ஒரு சிறு உறையையும் வீட்டில் சேர்த்துவிட்டுப் போவதுண்டு. உறைக்குள் ஒன்றும் இராது; வீட்டுக்காரர் ஏதேனும் அதில் இட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது தாத்பரியம். தீபாவளி இனாமை அறிந்த நேயர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. டிசம்பர் பிறந்ததும் குப்பை வண்டிக்காரர்களும் காவற்காரர்களும் தங்கள் பங்குக்கு வருவார்கள். அவர்கள் நாடி வருவதற்கு ‘அகினால்டோ’ என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு சொல் அந்நாட்டில் வேறு பல காரியங்களுக்கும் வழங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘பொசாதா’ என்னும் வைபவம் நடக்கிறது. மரியாளும் சூசையப்பரும் தங்க இடம் தேடி அலைந்த கதையை வீட்டு வாசல்களில் பாடி நடிப்பார்கள். அது முடிந்ததும் நிலக்கடலை, ஆரஞ்சு, கரும்புத் துண்டு, மிட்டாய் முதலியவற்றைக் கட்டிக் குழந்தைகள் கையில் கொடுக்கும் பொட்டலத்துக்கும் அகினால்டோ என்றே பெயர். தொழிலாளிக்கு ஆண்டிறுதியில் முதலாளி சட்டப்படி தரவேண்டிய பணமும் அகினால்டோதான். பிரியத்தால் கொடுப்பது, கேட்டு வாங்குவது, கொடுக்காவிட்டால் வழக்காடி வாங்குவது ஆகிய இத்தனையும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. யாருக்கு எந்தப் பொருளில் அது கிடைக்கிறது என்று கவனிப்போமானால், அந்தச் சமூகத்தில் அவருடைய ஸ்தானம் இன்னதென்று விளங்கிவிடும்.

1910-ல் மூண்ட புரட்சியின் பயனாக 1917-ல் கெரேத்தாரோ நகரில் இயற்றப்பட்ட மெக்ஸிகோ அரசியல் சாஸனம், தன் 123-வது ஷரத்தில் எட்டு மணி வேலை, வேலைநிறுத்த உரிமை முதலியவற்றைத் தொழிலாளருக்கு வழங்கிற்று. பல பெரிய ராஜ்யங்கள் அப்போது தங்கள் சாஸனங்களில் எழுதத் துணியாத விஷயங்கள் அவை. ஆயினும் ஆண்டிறுதிப் பணத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. 1931-ம் ஆண்டுத் தொழிற் சட்டத்திலும் இல்லை. சங்கம் வலுவாயிருந்த இடங்களில் ஒப்பந்தத்தின் மூலம் கிடைத்தது. மற்ற இடங்களில் எஜமானர் மனம் வைத்தால் உண்டு. 1970 மே மாதம் முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டந்தான் அதைக் கட்டாயமாக்கிற்று. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ரஸமானது. டிசம்பரில் ஜனங்கள் பண்டிகை கொண்டாடுகிறார்கள், செலவு மிகுகிறது, சம்பளமோ அன்றாட ஜீவனத்துக்கே சரியாகப் போய்விடுகிறது, ஆகவே தனியாகப் பணம் வேண்டும் என்றார்கள். ஏழைக்குப் பண்டிகை எதற்கு என்று உபதேசம் செய்யாமல், அவன் கொண்டாடத்தான் போகிறான் என்பதை ஒப்புக்கொண்டு சட்டம் செய்தவர்களை நாம் மனமார மெச்சுகிறோம்.

அச்சட்டத்தின் 87-வது ஷரத்துப்படி, குறைந்தது 15 நாள் சம்பளம் டிசம்பர் 20-க்கு முன்னால் கைக்கு வந்தாக வேண்டும். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு 40 நாள். (சர்க்கார் தன் ஆட்களுக்குத் தாராளமாயிருப்பது எந்தத் தேசத்துக்கும் புதிதன்று.) ஓர் ஆண்டு நிரம்பாதவருக்கு விகிதாசாரப்படி: ஆறு மாதம் உழைத்தவருக்கு ஏழரை நாள் சம்பளம். நம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகுந்த கணக்கு. முதலாளிக்கு அவ்வருஷம் லாபமா நஷ்டமா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை; லாபத்தில் பங்கு கொடுப்பதற்கு வேறு விதி உண்டு. பண்டிகைக்காகப் பழங்களும் பானங்களும் அடுக்கிய கூடையை அனுப்பிவிட்டு, ‘கொடுத்தாயிற்று’ என்று சொல்லவும் முடியாது. பணமாகவே தரவேண்டும். தராவிட்டால் ஓராண்டுக்குள் வழக்குத் தொடரலாம்.

இவ்வளவும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு. பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களின் கதை வேறு. அவர்களுக்குத் தினந்தோறும் கிடைப்பது ‘புரொப்பினா’ என்னும் சில்லறை இனாம். குடிக்கக் கொடுத்தல் என்ற பொருளுடைய பழைய சொல்லின் வழியாக வந்த பெயர் அது. ஹோட்டலில் சாப்பிட்டவர் பில்லுக்கு மேல் நூற்றுக்குப் பத்து, பதினைந்து வைத்துவிட்டு எழுந்திருப்பது அங்கே வழக்கம். வைக்காவிட்டால் குற்றமில்லை, ஹோட்டல்காரர் தாமாகவே பில்லில் அதைச் சேர்த்துக் கட்டாயமாக வாங்கலாகாது. பரிசாரகர் பெற்ற இனாமில் முதலாளி ஒரு காசும் எடுக்கலாகாதென்று தொழிற் சட்டத்தின் 346-வது ஷரத்து விதிக்கிறது. இதுவரையில் சரியே.

ஆனால் பெட்ரோல் நிலையத்தைப் பாருங்கள். அங்கே மோட்டாரை ஓட்டுகிறவர் தாமே பெட்ரோல் போட்டுக்கொள்வது அபூர்வம். சிப்பந்தி ஓடிவந்து, மீட்டர் பூஜ்யத்தில் நிற்பதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் பெட்ரோல் போடுகிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், சக்கரத்துக்குக் காற்றும் பிடிக்கிறார். பல நிலையங்களில் அவருக்குச் சம்பளம் மிகச் சொற்பம். சிலவற்றில் அதுவும் இல்லை. தெருவோரத்தில் சிவப்புத் துணியை வீசி, ‘வருகிறது, வருகிறது’ என்று கூவி வண்டியை நிறுத்த இடம் காட்டுகிறவருக்கு எஜமானரே கிடையாது. மெக்ஸிகோ நகரத்துக் குப்பை லாரியோடு மணியை அடித்துக்கொண்டு ஓடுகிறவர்களில் பலர் ‘தொண்டர்கள்’ என்ற கௌரவப் பெயருடன் நகரசபைச் சம்பளம் ஏதுமின்றி உழைக்கிறார்கள். வீட்டுக்காரர் தரும் சில்லறையும் பொறுக்கி விற்கும் காகிதமும் தகரமுமே அவர்கள் வருமானம். பெரிய கடைகளில் சாமான்களைப் பையிலிட்டுத் தருபவர்களுக்குத் தீக்குச்சி என்ற பொருளில் ‘செரியோ’ என்று செல்லப் பெயர். முன்பெல்லாம் சிறுவர் சிறுமியர். பிற்பாடு முதியோர்களும் வந்தார்கள். கடை அவர்களுக்குக் கூலி தருவதில்லை. 2020-ல் கொள்ளை நோய் பரவியபோது முதியோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில பெரிய கடைகள் அவர்களைத் திரும்ப அழைக்கவே இல்லை. வேலைக்காரர் என்று எழுத்தில் இருந்தாலன்றோ வேலை போயிற்று என்று முறையிட முடியும்? கூலிக்கு மேலே வருகிற இனாம் உபசாரம். கூலிக்குப் பதிலாக வருகிற இனாமோ, முதலாளியின் கடனை வாடிக்கைக்காரர் தலையில் கட்டும் தந்திரம் என்பது நம் அபிப்பிராயம்.

இந்த இரு வகுப்பாருக்கும் நடுவே வெகுகாலம் நின்றவர்கள் வீட்டு வேலைக்காரிகள். இத்தொழில் செய்வோர் இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அல்ஃபான்ஸோ குவாரோன் 2018-ல் வெளியிட்ட ‘ரோமா’ என்ற படம், 1970, 71-ம் ஆண்டுகளில் மெக்ஸிகோ நகரத்து வீடொன்றில் வேலை செய்த பழங்குடிப் பெண்ணைப் பற்றியது. தொழிற் சட்டம் புதிதாக வந்த அதே காலந்தான். அத்தகைய பெண்ணை ‘எங்கள் குடும்பத்தில் ஒருத்தி’ என்று எஜமானி சொல்வது வழக்கம். அதில் உண்மையான பிரியமும் இருக்கலாம். ஆனால் குடும்பத்தில் ஒருத்திக்கு யாரும் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. பண்டிகைக்குப் பழைய உடுப்பும் கொஞ்சம் பணமும் எஜமானி மனத்தின்படி வரும், அல்லது வராது.

ஒவாஹாக்கா மாகாணத்துக் கிராமமொன்றிலிருந்து 14-வது வயதில் தலைநகருக்கு வீட்டு வேலைக்கு வந்த மர்செலினா பௌதிஸ்தா என்னும் அம்மையார், இவ்வழக்கத்தை மாற்றப் பல்லாண்டுகள் பாடுபட்டவர். 2000-ல் வீட்டுத் தொழிலாளருக்கென ஒரு நிலையம் தொடங்கினார். 2015-ல் சங்கமும் அமைந்தது. 2018 டிசம்பரில், இவர்களைக் கட்டாய சமூக இன்ஷூரன்ஸிலிருந்து விலக்கி வைத்தது சாஸன விரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையில் திருத்தப்பட்ட தொழிற் சட்டம், வீட்டு வேலைக்காரிக்கு எழுத்து மூல ஒப்பந்தம், விடுமுறை ஆகியவற்றோடு அகினால்டோவையும் பெயர் சொல்லி விதித்தது. ஒரு வீட்டில் தங்காமல் நாளொரு வீடாக வேலை செய்பவளுக்கும் பங்குண்டு. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் நாட்களுக்கு ஏற்பத் தரவேண்டும்.

எழுதினார்களேயொழிய, பெரும்பாலோர் கையில் இன்னும் ஒப்பந்தக் காகிதம் இல்லை. எஜமானியிடம் ‘சட்டப்படி’ என்று வாய் திறந்தால் வேலைக்கே ஆபத்து என்று அஞ்சுகிறவர்கள் ஏராளம்.

டிசம்பர் கழிந்ததும் வரும் பணமுடையை அந்நாட்டார் ‘ஜனவரி மேடு’ என்கிறார்கள். மெக்ஸிகோ நகரின் பெரிய சதுக்கத்தருகே 1775-ல் ஏற்பட்ட மோந்தே தே பியெதாத் என்னும் தர்ம அடகு ஸ்தாபனம் இருக்கிறது. அந்த மேட்டில் ஏற முடியாதவர்கள் மோதிரத்தையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு அங்கே வரிசையில் நிற்கிறார்கள். 15 நாள் சம்பளம் பெற்றவரும் உண்டு, ஒன்றும் பெறாதவரும் உண்டு.