ஐடிலிங்ல மிஸ் அடிக்குதா? முதல்ல லேப்டாப்பை மூடுங்க!

இந்த வாரமும் தூத்துக்குடியிலிருந்து ஸ்பானரும் கையுமா ஆஜர். மேட்டர் என்னன்னா, காலேஜ்ல ரேஸ் கார் கட்டுற எல்லா டீமும் ஒரு நாளாவது தலையைப் பிச்சுக்கிற விஷயம். ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் கர்ஜிக்கும். காலை எடுத்தா 'டப்... டப்... ... டப்'னு மிஸ் அடிக்கும். கொஞ்ச நேரத்துல நின்னே போயிடும்.

"ரேஸ்ல எவன் ஐடிலிங்ல ஓட்டுறான்?"னு கேக்குறீங்களா? நியாயமான கேள்விதான். ஆனா ஃபார்முலா ஸ்டூடண்ட் வகைப் போட்டிகளோட விதிமுறையைக் கொஞ்சம் புரட்டுங்க. கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடந்து வர்ற ஃபார்முலா பாரத்தும் இந்த வகைதான். ட்ராக்ல இறங்குறதுக்கு முன்னாடி சத்தம் அளக்குற டெஸ்ட் உண்டு, ஐடிலிங்லயும் அளப்பாங்க. அப்புறம் எண்டூரன்ஸ், சுமார் 22 கிலோமீட்டர். பாதியில இன்ஜினை ஆஃப் பண்ணி டிரைவர் மாறணும். கொதிச்சுக் கிடக்குற இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். அந்த இடத்துல படுத்துட்டா, அவ்ளோதான்! ஒரு வருஷ வெல்டிங், கட் அடிச்ச கிளாஸ், வீட்ல கெஞ்சி வாங்கின காசு... எல்லாமே அந்த 'டப் டப்'பை நம்பித்தான் இருக்கு.

காலித் தட்டு!

இன்ஜின் ரெடிமேட்தான், பெரும்பாலும் பைக் இன்ஜின். ஆனா விதிப்படி 710 சி.சி.யைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் இன்ஜின்னா, உள்ளே போற காத்து மொத்தமும் 20 மி.மீ. ஓட்டை வழியாத்தான் போகணும். இதுக்கு ரெஸ்ட்ரிக்டர்னு பேரு. கம்பெனி போட்டு அனுப்பின கம்ப்யூட்டருக்கு இந்த ஓட்டையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதனாலதான் டீம்கள் வெளியில இருந்து இ.சி.யூ. வாங்கி மாட்டுறாங்க. 2001-ல அமெரிக்காவுல ப்ரூஸ் பௌலிங், ஆல் க்ரிப்போ ரெண்டு பேரும் கொண்டு வந்த மெகாஸ்கர்ட், அர்டுயினோ போர்டுல ஓடுற ஸ்பீடுயினோன்னு நம்ம பாக்கெட்டுக்கு ஏத்த சரக்கும் இருக்கு.

கம்பெனி இ.சி.யூ. ஃபுல் மீல்ஸ். வெளி இ.சி.யூ. காலித் தட்டு. எந்த ஆர்.பி.எம்.ல, எவ்வளவு லோடுல, எவ்வளவு பெட்ரோல், எப்ப ஸ்பார்க்... எல்லா டேபிளையும் நாமதான் நிரப்பணும். அதனாலயே, மிஸ் அடிச்ச உடனே எல்லாரும் லேப்டாப்பைத் திறந்து நம்பரை மாத்த ஆரம்பிச்சிடுறோம். மக்கா, அது கடைசியாப் பண்ண வேண்டிய வேலை. ஏன்னா, கம்ப்யூட்டர் போடுற கணக்கு ஐடிலிங்லதான் ரொம்ப ஈஸியா தடம் புரளும்.

சின்ன நம்பர், பெரிய வித்தியாசம்

ஒரு சிங்கிள் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 1500 ஆர்.பி.எம்.ல ஐடிலிங் ஆகுதுன்னு வைங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் எரியும். அதாவது செகண்டுக்கு 12.5 தடவை. 9000 ஆர்.பி.எம்.ல அது 75. அங்கே ஒண்ணு போனா காதுக்குத் தெரியாது. இங்கே ஒண்ணு போனா காரே உதறும்.

அடுத்து இன்ஜெக்டர். கரன்ட் குடுத்த உடனே அது திறந்துடாது. திறக்கவே 1 மில்லி செகண்ட் ஆகுதுன்னு வைங்க. ஐடிலிங்ல கம்ப்யூட்டர் குடுக்குற மொத்த நேரம் 2 மில்லி செகண்ட்னா, பெட்ரோல் விழுறது மிச்ச 1-ல மட்டும்தான். இப்ப ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்குது. வோல்டேஜ் இறங்குது. திறக்குற நேரம் 1.2 ஆகுது. பெட்ரோல் 20 சதவீதம் அவுட்! அதே 0.2, ஃபுல் த்ராட்டில்ல 10 மில்லி செகண்ட் கிடைக்கிறப்ப வெறும் 2 சதவீதம் சொச்சம். மிதிச்சா ஏன் நல்லாயிடுதுன்னு இப்ப புரியுதா?

இதை ஈடுகட்டவே இ.சி.யூ.ல தனியா வோல்டேஜ் கரெக்‌ஷன் டேபிள் இருக்கும். அதை நிரப்பாம பெட்ரோல் டேபிளை மட்டும் நோண்டினா, ஃபேன் ஓடுறப்ப ஒரு கார், ஓடாதப்ப வேற கார்!

மீட்டர் பொய் சொல்லாது, ஆனா...

சைலன்ஸர்ல மாட்டுற லாம்டா சென்ஸாரை எல்லாரும் தெய்வமாக் கும்பிடுறோம். பெட்ரோலுக்குச் சரியான கணக்கு 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல். அதுக்கு மேல காட்டினா 'லீன்', பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். சரி, ஸ்பார்க் வராம ஒரு தடவை மிஸ் ஆச்சுன்னா என்ன காட்டும்? எரியாத பெட்ரோலும் வெளியே போகுது, எரியாத காத்தும் வெளியே போகுது. சென்ஸார் பாக்குறது ஆக்ஸிஜனை. அதனால 'லீன்'னுதான் சொல்லும்!

ஆட்டோ ட்யூன் ஆன்ல இருந்தா கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊத்தும். ப்ளக் நனையும். இன்னும் மிஸ் அடிக்கும். இன்னும் 'லீன்' காட்டும். காய்ச்சல்காரனுக்கு ஐஸ் வாட்டர் குடுத்த கதைதான். அதனால மிஸ் நிக்கிற வரைக்கும் ஆட்டோ ட்யூனையும், லாம்டா கரெக்‌ஷனையும் ஆஃப் பண்ணி வைங்க. ப்ளக்கைக் கழட்டிக் கண்ணால பாருங்க. நனைஞ்சிருந்தா, கரி அப்பியிருந்தா, 'லீன்'ங்கிற பேச்சையே நம்பாதீங்க.

எது முதல்ல?

நம்ம ஊர்ல முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, தேதி வச்சு எல்லாரையும் நேரா கடல்ல இறக்கிட மாட்டாங்க. முதல்ல பார்ல இருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பாங்க. திறந்து, முத்து எவ்வளவு தேறும்னு கணக்குப் பாப்பாங்க. அப்புறம்தான் குளிப்பு. நாமளும் எதையும் மாத்துறதுக்கு முன்னாடி, மிஸ் அடிக்கிற இன்ஜினை 2 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணணும். (ஷெட் கதவைத் திறந்து வைங்க. புகையில வர்ற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.)

1. ரெக்கார்ட்ல ஆர்.பி.எம். கோட்டைப் பாருங்க. ஒரே ரீடிங்ல 1500-ல இருந்து 0-க்கு விழுந்து அடுத்ததுல மறுபடி 1500-ஆ? கனமான ஃப்ளைவீல் அப்படி நின்னு கிளம்பாது. அது கிராங்க் சென்ஸார் வொயர்ல வர்ற பிரச்னை. ஷீல்டு வொயரா, அதோட எர்த் ஒரு பக்கம் மட்டும் குடுத்திருக்கா, ரெசிஸ்டர் ப்ளக்கான்னு பாருங்க. ஆர்.பி.எம். சரிஞ்சு சரிஞ்சு ஏறினா, நிஜமாவே எரியலை. ஊஞ்சல் மாதிரி ஒரே தாளத்துல ஏறி இறங்கினா அது மிஸ்ஸே இல்லை, 'ஹன்டிங்'. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல டைமிங் தாறுமாறா இருந்தா இப்படி ஆகும்.

2. எர்த். இது எங்க ஊர்க்காரங்களுக்கு ஸ்பெஷல். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். இங்கே வெளியில நிறுத்தின வண்டியோட கப்ளரைப் பிரிச்சா உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும். மல்டிமீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, மறு முனை இன்ஜின் பாடியில. செல்ஃப் அடிக்கிறப்ப 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் மேல சந்தேகப்படுங்க. சுரண்டி, முறுக்கி, கிரீஸ் தடவுங்க. செலவு: ஒரு டீ காசு.

3. காத்து. ஐடிலிங்ல த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போற காத்தே கொஞ்சம்தான். அதுல ஒரு ஊசி ஓட்டை கூட பெரிய திருட்டு. நாம கையால செஞ்ச ப்ளீனம் ஜாயின்ட்லதான் முதல் சந்தேகம். ரெஸ்ட்ரிக்டர் வாயைத் தட்டையான பலகையால மூடுங்க. இன்ஜின் உடனே நிக்கணும். நிக்கலைன்னா எங்கேயோ காத்து திருடுது. மிஸ்ஸிங் மட்டுமில்லை, போட்டி விதிக்கும் அது ஆகாது.

4. ஸ்பார்க். புது ப்ளக், காயில், அப்புறம் டைமிங் லைட். கம்ப்யூட்டர் 10 டிகிரின்னு சொன்னா, ஃப்ளைவீல்ல நிஜமாவே 10 டிகிரியா? லேப்டாப் சொல்றது அதோட நம்பிக்கை. டைமிங் லைட் காட்டுறது நடப்பு.

5. இப்ப திறங்க லேப்டாப்பை! வோல்டேஜ் கரெக்‌ஷனை முடிச்சிட்டு, ஐடிலிங் கட்டத்துல பெட்ரோலை 5 சதவீதம் கூட்டிப் பாருங்க, அப்புறம் 5 சதவீதம் குறைச்சுப் பாருங்க. எதுல மிஸ் குறையுது, ஆர்.பி.எம். ஏறுதுன்னு இன்ஜினே சொல்லும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம்தான். ரெண்டை மாத்திட்டு சரியாயிட்டா, எதனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாது.

ஒரு 20 ரூபா நோட்டு

கடைசியா ஒண்ணு. பல டீம்ல மேப் போடத் தெரிஞ்சவர் ஒரே ஒரு ஃபைனல் இயர் அண்ணனோ அக்காவோதான். அவங்க பாஸ் அவுட் ஆகுறப்ப மேப் ஃபைல் மட்டும் பென் டிரைவ்ல ஜூனியருக்கு வரும். எந்த நம்பரை ஏன் போட்டாங்கங்கிறது வராது. அடுத்த வருஷம் ஜூனியர்ஸ் மறுபடி முதல்ல இருந்து தலையைப் பிச்சுக்கணும். அதனால ஒரு 20 ரூபா நோட்டு வாங்குங்க. தேதி, வோல்டேஜ், இன்ஜின் சூடு, என்ன மாத்தினோம், என்ன ஆச்சு... அஞ்சே காலம். சரிப்படாததையும் எழுதுங்க, அதுதான் ஜூனியருக்கு ரொம்ப உதவும். நோட்டை ஷெட்லயே ஆணி அடிச்சுத் தொங்க விடுங்க, யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத மாதிரி!

வரட்டுமா மக்கா? அடுத்த வாரம் பாப்போம்!