புரோட்டீன் பவுடர் வாங்கப் போறீங்களா? முதலில் தட்டைப் பாருங்கள்!

பிஸ்கட், பிரெட், ஐஸ்கிரீம் என எதை எடுத்தாலும் இப்போது 'ஹை புரோட்டீன்' என்று எழுதியிருக்கிறது. ஜிம் பக்கமே போகாதவர்கள்கூட ஆயிரக்கணக்கில் செலவழித்து பவுடர் டப்பா வாங்குகிறார்கள். நிஜமாகவே நமக்குப் புரதம் பத்தவில்லையா?

எவ்வளவு தேவை?

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்). 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கடுமையாக எடைப்பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

எவ்வளவு கிடைக்கிறது?

மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, ஒருவருக்கு தினமும் கிராமங்களில் சராசரியாக 61.8 கிராம், நகரங்களில் 63.4 கிராம் புரதம் கிடைக்கிறது. 'அப்போ தேவைக்கு மேலேயே இருக்கே?' என்று தோன்றும். ஆனால் இது சராசரிதான்; எல்லார் தட்டிலும் இதே அளவு இருக்காது. தவிர, இந்தப் புரதத்தில் கிராமங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கும், நகரங்களில் சுமார் 39 சதவீதமும் அரிசி, கோதுமை போன்ற தானியங்களில் இருந்தே வருகிறது.

அதனால் என்ன?

தானியப் புரதத்தில் 'லைசின்' என்ற அமினோ அமிலம் குறைவு. உடல் அதைத் தானாகத் தயாரிக்காது. சாப்பாட்டில் இருந்துதான் கிடைக்க வேண்டும். பருப்பில் லைசின் தாராளமாக உண்டு. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்யும். அரிசியோடு உளுந்து சேரும் இட்லி, பாசிப்பருப்பு சேரும் பொங்கல் எல்லாம் இப்படிப்பட்ட ஜோடிதான். சிக்கல் அளவில் இருக்கிறது. சோறு மலைபோல, சாம்பாரில் பருப்பு தேடினாலும் கிடைக்காது!

ஒரு நாள் கணக்கு

காலையில் 4 இட்லி, தண்ணி சாம்பார். மதியம் சோறு, ரசம், ஒரு கிண்ணம் தயிர். இரவு 3 சப்பாத்தி, காய்கறி குருமா. மொத்தம் தோராயமாக 35 கிராம்தான் தேறும். இதோடு மூன்றே மாற்றங்கள் செய்து பாருங்கள். மதியம் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, மாலை டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவு ஒரு முட்டை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 கிராம் தரும். 50 கிராமைத் தாண்டிவிடலாம். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு டம்ளர் பாலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ எடுத்துக்கொள்ளலாம்.

பவுடர் வேண்டவே வேண்டாமா?

உடலை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது, 2024 மே மாதம் ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட வழிகாட்டி. நீண்ட காலம் அதிக அளவில் எடுத்தால் எலும்பில் தாதுச்சத்து குறையலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்றும், பல பவுடர்களில் சர்க்கரையும் செயற்கைச் சுவையூட்டிகளும் சேர்க்கப்படுகின்றன என்றும் அது எச்சரிக்கிறது. ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. அதேசமயம் நோயிலிருந்து மீள்பவர்களுக்கும் சாப்பிட முடியாத முதியவர்களுக்கும் மருத்துவரே பவுடரைப் பரிந்துரைப்பதும் உண்டு.

பர்ஸையும் பார்க்கலாம்

தமிழக ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குத் தரப்படுகிறது. 100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். சத்துணவுத் திட்டத்தில் முட்டை சாப்பிடும் குழந்தைகளுக்கு வாரத்துக்கு 5 முட்டை கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் தட்டுக்கு அரசு போட்ட கணக்கை, ஆபீஸ் போகும் நாமும் நம் தட்டுக்குப் போடலாம். அடுத்த முறை பவுடரை 'கார்ட்'டில் சேர்க்கும் முன், இன்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நிமிடம் கூட்டிப் பாருங்கள். குறைந்தால், முதலில் பருப்பைக் கூட்டுங்கள்.